சூரியனுக்கு முதுகு காட்டி எடுத்த முகப்படம்: பேக்லைட் எடிட்டிங் முழுமையான வழிகாட்டி

மெரினாவில் காலை ஆறரை மணிக்குக் கடல் பின்னணியில் வரும்படி ஒருவரை நிறுத்தினால், சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். கூந்தல் ஓரம் தங்கமாக மின்னும், தோளில் ஒளிக்கோடு விழும், முகம் மட்டும் இருண்டுபோகும். வானத்துக்கும் முகத்துக்கும் இடையே மூன்று, நான்கு ஸ்டாப் வித்தியாசம் வருவது சாதாரணம். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு. அதாவது வானம் முகத்தைவிட 8 முதல் 16 மடங்கு பிரகாசம்.

இந்தப் படத்தைத் திறந்ததும் பெரும்பாலோர் செய்வது, நிழலை ஏற்றும் ஷேடோஸ் +100, வெளிச்சப் பகுதியை இறக்கும் ஹைலைட்ஸ் −100. முகம் தெரியும், ஆனால் சாம்பல் பூசியதுபோல் தெரியும். தலையைச் சுற்றி வெள்ளை வளையம் வரும். வானம் அழுக்கேறும். பேக்லைட்டுக்காக, அதாவது பின்னாலிருந்து வரும் ஒளிக்காக, விடியலில் எழுந்து போய் எடுத்த படத்தில் அந்த பேக்லைட்டே காணாமல் போய்விடும்.

இங்கே சொல்லும் முறை ஒரே கணக்கில் நடக்கிறது. முகம் நிழலில் இருந்தது. எடிட் முடிந்த பிறகும் அது நிழலில் இருப்பதாகவே தெரிய வேண்டும். கண்ணும் தோலும் தெளிவாகத் தெரிந்தால் போதும். விளிம்பொளியைவிட, அதாவது கூந்தல், தோள் ஓரத்து வெளிச்சத்தைவிட, முகம் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் குறைவாக நின்றால் சரியாக இருக்கும்.

உதாரணத்துக்கு ஒரு படம்: பட்டுப்புடவை, தலையில் மல்லிகை, காதில் ஜிமிக்கி, பின்னால் விடியல் கடல். ஸ்லைடர் பெயர்கள் அடோபியின் எடிட்டிங் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் உள்ளவை. போட்டோஷாப்பின் கேமரா ராவிலும் இவையே இருக்கின்றன. எண்கள் எல்லாம் தொடங்குவதற்கான இடம் மட்டுமே. உங்கள் படத்துக்கு ஏற்ப ஏறும், இறங்கும்.

முதலில், படம் தேறுமா?

ரா கோப்பா (கேமரா பதிவு செய்தது அப்படியே இருப்பது), ஜேபெக்கா (சுருக்கிய படம்) என்று பாருங்கள். 14 பிட் ரா கோப்பில் மொத்தம் 16,384 ஒளிப்படிகள். அதில் பாதி, அதாவது 8,192, மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்கே போய்விடும். அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கடுத்து 2,048 எனப் பாதி பாதியாகக் குறையும். வானத்திலிருந்து நான்கு ஸ்டாப் கீழே இருக்கும் முகத்துக்குக் கிடைப்பது 512 படிகள். 12 பிட் ராவில் அதுவே 128. குறைவுதான் என்றாலும் வேலைக்குப் போதும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு மொத்தமே 256 படிகள். அதில் இருண்ட முகத்துக்கு வருவது சொற்பம். ஜேபெக் முகத்தை ஒரு ஸ்டாப்புக்கு மேல் ஏற்றினால் கன்னத்தில் நிறம் திட்டுத் திட்டாக உடையும்.

அடுத்து, டெவலப் பகுதியில் ஜே விசையை அழுத்துங்கள். வெந்துபோன, அதாவது விவரமே இல்லாமல் வெளுத்த, இடங்கள் சிவப்பாகக் காட்டும். சூரியன் இருக்கும் இடமும் அதைச் சுற்றிய சிறு வட்டமும் சிவப்பாக இருந்தால் கவலை இல்லை. அந்தச் சிவப்பு கூந்தல் ஓரத்தைத் தின்றிருந்தால், அங்கே முடி இழைகள் படத்திலேயே இல்லை என்று அர்த்தம். எந்த மாஸ்க்கும் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தப் பிரித்தெடுக்கும் தேர்வு) அதை வரைந்து தராது. அப்படிப்பட்ட படத்தை நிழலுருவமாக மாற்றிவிடுவதே மரியாதை.

அடித்தளம்: முழுப் படத்துக்கும் கொஞ்சம் மட்டும்

இரைச்சல் (இருண்ட இடத்தில் தெரியும் மணல்போன்ற புள்ளிகள்) நீக்கத்தை முதலிலேயே முடித்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 400இல் எடுத்த முகத்தை இரண்டு ஸ்டாப் ஏற்றினால், இரைச்சல் ஏறத்தாழ ஐஎஸ்ஓ 1600 அளவுக்கு வந்து நிற்கும். ஏஐ டீநாய்ஸ் இருந்தால் 30 முதல் 40 வரை வையுங்கள். அதற்கு மேல் போனால் தோல் மெழுகாகும். மாஸ்க் போட்ட பிறகு டீநாய்ஸ் செய்தால் மாஸ்க்குகளைத் திரும்பக் கணக்கிட வேண்டி வரலாம். முதலிலேயே செய்யச் சொல்வது அதனால்தான்.

புரொஃபைல் (படத்தின் அடிப்படை நிறத்தோற்றம்) அடோபி கலராகவே இருக்கட்டும். ஏற்கெனவே காட்டமாகத் தெரியும் படங்களுக்கு அடோபி நியூட்ரல். லென்ஸ் திருத்தத்தில் ரிமூவ் குரோமாட்டிக் அபரேஷனை டிக் செய்யுங்கள். கருங்கூந்தல் பிரகாசமான வானத்தைத் தொடும் இடத்தில் ஊதா ஓரம் கட்டியிருக்கும். டீஃப்ரிஞ்சில் பர்ப்பிள் அமவுன்ட் 4 முதல் 8 வரை வைத்தால் போய்விடும். இதைச் செய்யாமல் முகத்தை ஏற்றினால் அந்த ஊதாவும் சேர்ந்து ஏறும்.

ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சமநிலை) முகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். முகத்துக்கு வெளிச்சம் தருவது எதிரே உள்ள நீல வானம். பின்னால் இருப்பது பொன்வெயில். முகத்துக்குச் சரியான வெப்பநிலை வைத்தால் கடல் முழுக்க ஆரஞ்சுச் சாயம் கொட்டியதுபோல் ஆகும். பின்னணி இயல்பாகத் தெரியும்படி 5200 முதல் 5600 கெல்வினுக்குள் நிறுத்துங்கள். முகத்தின் நிறத்தைத் தனியாகக் கவனிக்கலாம்.

பிறகு எக்ஸ்போஷர் +0.3, ஹைலைட்ஸ் −40, ஷேடோஸ் +20. இந்த மூன்றோடு கையை எடுத்துவிட வேண்டும். ஹைலைட்ஸும் ஷேடோஸும் படத்தின் ஒவ்வொரு பகுதியையும் அதன் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டு வேலை செய்பவை. இரண்டையும் எதிரெதிர் எல்லைக்கு இழுத்தால் இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் கோட்டில், அதாவது சரியாகத் தலையைச் சுற்றி, வளையம் உண்டாகும்.

ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்தல்

நேரம் அதிகம் செலவிட வேண்டிய இடம் இது. 2021 அக்டோபரில் ஆளைத் தானே கண்டுபிடிக்கும் செலக்ட் சப்ஜெக்ட் லைட்ரூமில் வந்தது, 2022 அக்டோபரில் முகம், கூந்தல், உடை என்று தனித்தனியே பிரிக்கும் பீப்பிள் மாஸ்க் வந்தது. முன்பு அரை மணி நேரம் பிரஷ் பிடித்துச் செய்த வேலை இப்போது சில நொடி. ஆனால் அது தருவதை அப்படியே நம்பக் கூடாது.

செலக்ட் சப்ஜெக்ட் கொடுத்து, ஓ விசையை அழுத்தி மாஸ்க்கின் சிவப்புப் பூச்சைப் பாருங்கள். பட்டுப்புடவை சிவப்பாக இருந்தால் ஒன்றும் தெரியாது. ஷிஃப்ட்டோடு ஓ அழுத்திப் பூச்சின் நிறத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தவறுகள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் வரும். ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவே தெரியும் வானத்துண்டு மாஸ்க்குக்குள் மாட்டியிருக்கும். இடுப்பில் கை வைத்திருந்தால் கைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள முக்கோணமும் அப்படியே. மல்லிகைச் சரத்தின் வெளிப்பூக்கள் வானத்தோடு வெள்ளையாக இருப்பதால் வெட்டுப்பட்டிருக்கும். இவற்றை சப்ட்ராக்ட் (கழி), ஆட் (சேர்) பிரஷ்களால் திருத்துங்கள்: ஃபெதர் (ஓர மென்மை) 60, ஃப்ளோ (ஒரு தடவைக்குப் பூசும் அளவு) 40. ஓரத்தைத் தானே கண்டுபிடிக்கும் ஆட்டோ மாஸ்க்கை நகை, தோள் போன்ற கறாரான ஓரங்களுக்கு மட்டும் வையுங்கள். கூந்தலில் வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும்.

காற்றில் பறக்கும் முந்தானை தனிக்கதை. அதன் வழியே வெயில் ஊடுருவி வருகிறது. அது நிழலில் இல்லை. முகத்தோடு சேர்த்து அதையும் ஏற்றினால் வெந்துவிடும். மாஸ்க்கிலிருந்து அதைக் கழித்துவிடுங்கள்.

இப்போது இந்த முறையின் உயிர்நாடி. ஆள் முழுவதையும் ஏற்றக் கூடாது. ஆளில் இருண்டிருக்கும் பகுதியை மட்டும் ஏற்ற வேண்டும். சப்ஜெக்ட் மாஸ்க்கின் மூன்று புள்ளி மெனுவில் இன்டர்செக்ட் (இரண்டுக்கும் பொதுவான பகுதி) போய் லூமினன்ஸ் ரேஞ்சைத் (பிரகாச வரம்பு) தேர்ந்தெடுங்கள். வரம்பை 0 முதல் 45 வரை வைத்து, மேல்பக்கச் சரிவை 70 வரை நீட்டுங்கள். இப்போது மாஸ்க்கில் இருப்பது ஆள் என்பதும் உண்மை, இருட்டு என்பதும் உண்மை. தோளின் ஒளிக்கோடு, கூந்தலின் தங்க ஓரம், வெயில் பட்ட காது நுனி எல்லாம் தாமாகவே வெளியே நின்றுவிடும். மாஸ்க்குக்குள் தப்பி நுழைந்த வான ஓரமும் பிரகாசமானது என்பதால் அதுவும் விலகிவிடும். தலையைச் சுற்றி வரும் வெள்ளை வளையத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

இதில் ஒரே சிக்கல் கருங்கூந்தல். அதுவும் இருட்டுதானே, மாஸ்க்குக்குள் வந்துவிடும். ஏற்றினால் கருப்பு முடி பழுப்புச் சாம்பலாகும், வயது பத்து கூடிவிடும். சப்ட்ராக்ட் கொடுத்து, பீப்பிள் மாஸ்க்கில் ஹேரைத் தேர்ந்தெடுத்துக் கழியுங்கள். நெற்றியும் முடியும் சேரும் கோட்டில் வெட்டுத் தெரிந்தால் மெல்லிய பிரஷ்ஷால், ஃப்ளோ 15இல், கொஞ்சம் திருப்பிச் சேருங்கள்.

நிழலை மென்மையாக்குவது என்றால் என்ன?

நிழல் கடுமையாகத் தெரிய இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று ஆழம்: நிழல் ரொம்ப இருட்டாக இருப்பது. மற்றொன்று ஓரம்: வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு மாறும் கோடு கத்தி வைத்ததுபோல் இருப்பது. இரண்டையும் ஒரே ஸ்லைடரால் தீர்க்க நினைப்பதால்தான் முகம் தட்டையாகிறது.

ஆழத்துக்கு, மேலே செய்த மாஸ்க்கில் எக்ஸ்போஷர் +0.7, ஷேடோஸ் +20. பிறகு முகத்துக்கு மட்டும் ஒரு ரேடியல் கிரேடியன்ட் (வட்ட மாஸ்க்), ஃபெதர் 100, முகத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக. அதை சப்ஜெக்ட்டோடு இன்டர்செக்ட் செய்து எக்ஸ்போஷர் +0.35. உடம்புக்குக் கொஞ்சம், முகத்துக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று இரண்டு அடுக்காக ஏற்றுவதால், யாரோ எதிரே ரிஃப்ளெக்டர் பிடித்ததுபோன்ற உணர்வு வரும். ஒரே அடுக்கில் +1.2 கொடுத்தால் இது கிடைக்காது.

ஓரத்துக்கு, அதே முகமாஸ்க்கில் கான்ட்ராஸ்ட் −12, கிளாரிட்டி −6. கிளாரிட்டியை −20க்குக் கீழே கொண்டுபோனால் முகம் பனிமூட்டத்தில் நனைந்ததுபோல் ஆகும். 2023 ஏப்ரலிலிருந்து மாஸ்க்குக்குள்ளேயே கர்வ் (ஒளியளவை வளைகோட்டால் மாற்றும் கருவி) வந்துவிட்டது. அதில் கால்பங்கு உயரத்தில் ஒரு புள்ளி வைத்து லேசாக மேலே தூக்கி, கீழ் மூலையை அசையாமல் விடுவது இன்னும் நயமான வழி. நிழல் திறக்கும், கருப்பு கருப்பாகவே இருக்கும்.

மூக்கு நுனியிலோ ஒரு பக்கக் கன்னத்திலோ வெயில் சிறு திட்டாக விழுந்திருந்தால், அங்கே நிழலை ஏற்றிப் பயனில்லை. திட்டை இறக்க வேண்டும்: சிறு பிரஷ், ஹைலைட்ஸ் −35, எக்ஸ்போஷர் −0.2.

தாடைக்குக் கீழே உள்ள நிழலைத் தொடாதீர்கள். முகத்தையும் கழுத்தையும் பிரித்துக் காட்டுவது அதுதான். அதையும் திறந்துவிட்டால் தாடை காணாமல் போய், கழுத்தும் முகமும் ஒரே தூணாக நிற்கும். கண்ணுக்குக் கீழே உள்ள குழிக்கு மட்டும் தனியாக +0.2 கொடுக்கலாம்.

ஏற்றிய முகம் இப்போது கொஞ்சம் வெளிறித் தெரியும். லென்ஸுக்குள் நேராக நுழைந்த சூரிய ஒளி உள்ளே சிதறிப் படம் முழுக்க மெல்லிய திரை போட்டிருக்கும். முகத்தை ஏற்றும்போது அந்தத் திரையும் ஏறுகிறது. மாஸ்க்கில் பிளாக்ஸ் −12, மூட்டம் நீக்கும் டீஹேஸ் +6. எவ்வளவு போதும் என்பதற்குக் கண்மணியைப் பாருங்கள். அது மறுபடி கருப்பானதும் நிறுத்துங்கள். டீஹேஸ் நிறத்தையும் கூட்டிவிடும், அதனால் +15ஐத் தாண்ட வேண்டாம்.

தோல் நிறம்

நீல வானத்தின் ஒளியில் இருந்த முகம் ஏறும்போது நீலமும் சேர்ந்து ஏறும். மாநிறத் தோலில் இது சாம்பலாகவோ லேசான ஊதாவாகவோ தெரியும். முகமாஸ்க்கில் டெம்ப் (நீலம்–மஞ்சள்) +8, டின்ட் (பச்சை–மெஜந்தா) +3 என்று தொடங்குங்கள். வயல், புல்வெளிப் பின்னணியில் தாடைக்குக் கீழே பச்சை ஏறியிருக்கும்; அங்கே டின்ட் +8 வரை போகலாம். சிவப்புப் பட்டு கழுத்தில் தெறித்திருந்தால் சாச்சுரேஷன் −10.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கர்சரைக் கன்னத்தில் வைத்து, ஹிஸ்டோகிராமுக்குக் (ஒளியளவு வரைபடம்) கீழே வரும் மூன்று எண்களைப் பாருங்கள். நம் ஊர்த் தோல்நிறங்களில் சிவப்பு அதிகமாகவும், பச்சை நடுவிலும், நீலம் குறைவாகவும் இருக்க வேண்டும். சிவப்பு 52%, பச்சை 41%, நீலம் 34% என்பதுபோல. நீலம் பச்சையை நெருங்கினாலோ மிஞ்சினாலோ முகம் சாம்பல்தான்.

முகத்தை வெளுக்க வைப்பது இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு. வாடிக்கையாளர் கேட்கிறார் என்பார்கள். ஆனால் முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று ஆல்பத்தில் அச்சாகி வந்தால் குறை சொல்வதும் அதே வாடிக்கையாளர்தான். முகத்தையும் மடித்து வைத்த கையையும் ஒரே பார்வையில் ஒப்பிடுங்கள். கை பின்தங்கினால் பாடி ஸ்கின் மாஸ்க்கில் கையையும் கொஞ்சம் ஏற்றுங்கள், அல்லது முகத்தை இறக்குங்கள்.

காது! பின்னாலிருந்து வெயில் ஊடுருவும்போது காதுமடல் ரத்தச் சிவப்பாக ஒளிரும். குழந்தைகள் படத்தில் இன்னும் அதிகம். ஒரு பிரஷ், சாச்சுரேஷன் −25, எக்ஸ்போஷர் −0.3. முழுவதும் அணைத்துவிடாதீர்கள், அந்தச் சிவப்பில் கொஞ்சம் இருந்தால்தான் வெயில் பின்னால் இருக்கிறது என்று நம்ப முடியும்.

பின்னணி

ஆள் தனித்துத் தெரிய ஆளை மட்டுமே ஏற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பின்னணியைக் கொஞ்சம் தணித்தாலும் அதே பலன். புதிதாக ஒரு செலக்ட் சப்ஜெக்ட் மாஸ்க் போட்டு இன்வெர்ட் செய்து, எக்ஸ்போஷர் −0.25, கிளாரிட்டி −10, சாச்சுரேஷன் −5. சூரியன் இருக்கும் வானம் ஒருபோதும் முகத்தைவிட இருட்டாகக் கூடாது. அப்படி ஆனால் ஸ்டுடியோவில் எடுத்து ஒட்டியதுபோல்தான் இருக்கும்.

சூரியன் இருக்கும் மூலையில் பெரிய ரேடியல் ஒன்று, டெம்ப் +10, டீஹேஸ் −8. இது ஆளின் தோள்மீதும் சற்றே வழியட்டும். ஓரம் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும் உணர்வை இந்த வழிதல் போக்கிவிடும்.

போட்டோஷாப் எப்போது தேவை?

கூந்தல் ஓரத்தில் மாஸ்க் தோற்றால், அல்லது பின்னணியையே மாற்ற வேண்டியிருந்தால் மட்டும். சேனல் முறை, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரிந்த மூன்று படங்களில் ஒன்றைக் கொண்டு மாஸ்க் செய்வது, இன்னும் பழையதாகிவிடவில்லை. எந்தச் சேனல் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நீல வானத்துக்கு நீலச் சேனலில் வானம் வெளுப்பாக இருக்கும், கூந்தல் நன்றாகப் பிரியும். விடியலின் ஆரஞ்சு வானம் நீலச் சேனலில் இருண்டுவிடும். அங்கே சிவப்புச் சேனல்தான் உதவும்.

அந்தச் சேனலைப் பிரதியெடுத்து, கன்ட்ரோல் எல் கொடுத்து லெவல்ஸில் வானம் வெள்ளையாகவும் கூந்தல் கருப்பாகவும் ஆகும் வரை இரு முனைகளையும் உள்ளே தள்ளுங்கள். ஓரத்தில் மிச்சமிருக்கும் சாம்பலை ஓவர்லே மோடில் உள்ள பிரஷ்ஷால், ஒப்பாசிட்டி 30இல், வெள்ளை கொண்டு துடையுங்கள். ஓவர்லே கருப்பைத் தொடாது, சாம்பலை மட்டும் வெளுக்கும். முகம், உடம்பு ஆகியவற்றைச் சாதாரண பிரஷ்ஷால் கருப்படியுங்கள். கன்ட்ரோல் ஐ கொடுத்து நிறம் திருப்பி, சேனல் சிறுபடத்தைக் கன்ட்ரோலோடு கிளிக் செய்தால் தேர்வு தயார். லேயருக்கு வந்து மாஸ்க் போடுங்கள். தங்கமாக மின்னும் ஓர இழைகள் இதில் வராது, ஏனென்றால் அவையும் வானமும் ஒரே பிரகாசம். பின்னணியை மாற்றாதவரை அது ஒரு குறையே இல்லை.

நிழல்களை இன்னும் நுணுக்கமாகத் தணிக்க, 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய லேயரை சாஃப்ட் லைட் மோடில் வைத்து, ஃப்ளோ 5இல் வெள்ளை பிரஷ்ஷால் கண்குழியிலும் மூக்கோரக் கோட்டிலும் மெல்ல மெல்லத் தடவுங்கள். கோப்பு 16 பிட்டில் இருக்கட்டும்.

காசில்லாத வழிகள்

டார்க்டேபிள் மென்பொருளில் டோன் ஈக்வலைசர் கருவி இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஒளியளவை ஸ்டாப் ஸ்டாப்பாகப் பிரித்துக் காட்டும். முகம் எந்தப் படியில் இருக்கிறது என்று கர்சரை வைத்துப் பார்த்து, அந்தப் படியை மட்டும் +1 ஏற்றலாம். வரைந்த மாஸ்க்கை அதனோடு சேர்த்தால் மேலே சொன்ன இன்டர்செக்ட் முறைதான்.

கைபேசியில் ஸ்னாப்சீட் என்றால் எச்டிஆர் ஸ்கேப் பக்கம் போக வேண்டாம். செலக்டிவ் கருவியில் நெற்றியில் ஒரு புள்ளி, கன்னத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு விரலால் வட்டத்தை முகத்தளவுக்குச் சுருக்கி பிரைட்னஸ் +25. ஒரே புள்ளியில் +60 கொடுப்பதைவிட இரண்டில் பாதிப் பாதி நன்றாக இருக்கும்.

ஏற்றுமதிக்கு முன்

படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முதலில் கண் போவது முகத்துக்கா, தலையைச் சுற்றிய வளையத்துக்கா? பிறகு 100 சதவீதத்தில் கூந்தல் ஓரத்தை ஒரு சுற்று. அடுத்து லைட்ரூமில் வீ விசையை அழுத்திக் கருப்பு வெள்ளையாக்குங்கள். நிறத்தின் மயக்கம் போனதும் முகம் விளிம்பொளியைவிடக் குறைவாக நிற்கிறதா என்பது பளிச்சென்று தெரியும். இல்லையென்றால் எக்ஸ்போஷரை 0.2 இறக்குங்கள், பத்துக்கு எட்டுப் படங்களில் இறக்கத்தான் வேண்டியிருக்கும்.

ஒரே இடத்தில் எடுத்த முப்பது படங்களுக்கு அமைப்பைப் பிரதியெடுத்து ஒட்டும்போது சப்ஜெக்ட், பீப்பிள் மாஸ்க்குகள் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கணக்கிடப்படும். பிரஷ்ஷும் ரேடியலும் நின்ற இடத்திலேயே நிற்கும். முகத்து ரேடியலை ஒவ்வொன்றிலும் நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி நிறவெளி, ஜேபெக் தரம் 85. 8 பிட்டுக்கு இறங்கும்போது விடியல் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்தால் கிரெய்ன் (செயற்கைப் புள்ளித்தன்மை) 8 சேருங்கள், பட்டை மறையும். ஆல்பத்துக்குப் போகும் படம் என்றால் மானிட்டர் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா அளவுக்குக் குறைத்துவிட்டு இன்னொரு முறை முகத்தைப் பாருங்கள். முழு வெளிச்சத்தில் சரியாகத் தெரிந்த நிழல் தாளில் ஒரு படி இருண்டு அச்சாகும்.